நான் கட்டிய சாய்தளம்

அரசாங்கக் கட்டடம் கட்டுகிறவனுக்கு ஒரு பாக்கியம் உண்டு. கட்டியதை அவன் பயன்படுத்த வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் கழிப்பறை கட்டியவன் வீட்டுக்கு வந்து காலைக்கடன் முடித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டவன் மழைக்காலத்தில் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம். பொறியாளனாக வேலை பார்த்த காலம் முழுவதும் நானும் இந்தப் பாக்கியத்தை அனுபவித்தவன்தான். ஓய்வு பெற்று, சிட்லபாக்கத்தில் ஏரிக் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகும் அது தொடரும் என்று நம்பினேன். போன தை மாதம் நான் கட்டிய ஒன்றை நானே பயன்படுத்த நேர்ந்தது. இதை எழுதும்போது முழங்கை இன்னும் லேசாக வலிக்கிறது. மற்ற வலியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி மரகதம் பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவள். பாடத்தில் ஒரு கோட்டை வரும். (எந்தக் கோட்டை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது போய் நான் கட்டியதைப் பார்ப்பீர்கள்.) முற்றுகையின்போது கோட்டைக்குள் இருந்தவர்கள் பல மாதம் தாக்குப்பிடித்ததற்குக் காரணம், மாளிகைக்குள்ளேயே இருந்த ஒரு கிணறு. மரகதம் அதைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்து, இறங்கும் படிகளைக்கூடப் போட்டுக் காட்டுவாளாம். ஒவ்வொரு வருடமும் ஏதாவதொரு பிள்ளை எழுந்து, டீச்சர் நீங்கள் அந்தக் கிணற்றைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கும். பார்த்திருக்கிறேன் என்பாள். பார்த்ததில்லை. தன் வேலையில் தான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதை உண்மையாக்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை.

பெரிய ஆசையில்லை. தாம்பரத்திலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் கோட்டை வாசல். கிணறு இருக்கும் மாளிகை இப்போது அருங்காட்சியகம். நான் அலுவலக ஜீப்பில் எத்தனையோ தடவை போய்வந்திருக்கிறேன். அவள் கேட்கும்போதெல்லாம் அடுத்த வருஷம் என்றேன். அப்புறம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கால் போயிற்று. சக்கர நாற்காலி வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு நேரம் கிடைத்தது.

போகலாம் என்றதும் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அதற்கு முன்பு குன்றத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மண்டபம் மாடியில். உறவுக்காரப் பையன்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கினார்கள். பாதிப் படியில் ஒருவன், "செம வெயிட்டுடா" என்றான். செருப்பொன்று கழன்று உருண்டது. ஒரு கையால் புடவையையும் மறு கையால் நாற்காலியையும் பிடித்தபடி அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மாடி மண்டபக் கல்யாணங்களுக்கு எங்கள் வீட்டிலிருந்து மொய் மட்டும்தான் போகிறது.

"யாரும் என்னைத் தூக்கக் கூடாது. தூக்கித்தான் ஆகணும்னா, அந்தக் கிணறு அங்கயே இருக்கட்டும்" என்றாள்.

"எதுக்குத் தூக்கணும்? ராம்ப் இருக்கு. யாரு கட்டினதுன்னு நினைக்கிற?" என்றேன்.

அதை எப்படிக் கட்டினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஓரடி ஏறுவதற்குப் பன்னிரண்டடி நீளம் விட வேண்டும் என்பது சாய்தளத்தின் விதி. தெரியாமலில்லை, பரீட்சையில் எழுதித் தேறியவன் நான். ஆனால் நீளம் போக வேண்டிய வழியில் ஒரு வேப்பமரம் நின்றது. யாரோ அதற்கு மஞ்சள் துணி சுற்றிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஒப்பந்தக்காரர் மரத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கோடரியைத் தொட ஓர் ஆளும் வரவில்லை. மூடநம்பிக்கை என்று மேடையில் பேசக்கூடியவனான நானும், அன்று வெள்ளிக்கிழமையாக இருந்ததால் அதிகம் வற்புறுத்தவில்லை. சாய்தளம் மரத்தோடு நின்றுவிட்டது. நீளம் குறைந்ததே தவிர, வாசலின் உயரம் குறையவில்லை. (மரத்தைச் சுற்றி வளைத்துப் போட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது, இந்த வருடம், வீடு திரும்பும் வழியில்.)

திறப்பு விழாவுக்கு வந்த பெரிய அதிகாரி ரிப்பனை வெட்டி, சாய்தளத்தின் மேல் நடந்தே ஏறினார். நாங்கள் கைதட்டினோம். சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. படம் எடுத்தார்கள், கேசரி சாப்பிட்டோம்.

எங்களைக் காரில் அழைத்துப்போனவன் மரகதத்தின் தம்பி தணிகாசலம். பம்மலில் அவர்கள் நிலமெல்லாம் வீட்டு மனையான பிறகு கம்பி, சிமென்ட் கடை வைத்திருக்கிறான். பெருங்களத்தூர் தாண்டியதிலிருந்து நான் அவனுக்குச் சாய்தளத்தின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டே போனேன். செங்கல்பட்டு வந்தபோது அவன் பாட்டுப் போட்டான். நான் அதற்கு மேலே பேசினேன். மரகதம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன பச்சைப் புடவையில், சன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தபடி வந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இன்றும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

போய் இறங்கியதும் சாய்தளத்தைத் தேடினேன். காணவில்லை. வாசலருகே இருந்த பெண் ஊழியரைக் கேட்டேன். பைக்குகளைக் காட்டினார். அவற்றுக்கு அடியில் இருந்தது.

"இதுல யாரும் ஏற மாட்டாங்க சார். அதான் வண்டி விட்டுக்குறோம்."

"யாரும் வர்றதில்லையா?"

"வருவாங்க. பாத்துட்டுப் போய்டுவாங்க."

வண்டிகளை எடுக்க வைத்தேன். தணிகாசலம் கீழே நின்று, கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தான்.

"இன்னா மாமா, இது ரோடா செவுறா?"

கூட்டத்தின் முன்னால் ஒரு பொறியாளன் இதற்குப் பதில் சொல்லக்கூடாது. அவனைப் பின்னாலிருந்து தள்ளச் சொன்னேன். நான் முன்னால் நின்று, நாற்காலியின் கைகளைப் பற்றிப் பின்பக்கமாக ஏறிக்கொண்டே இழுத்தேன். அவன் மூச்சு புல்டோசர் போலக் கேட்டது. மரகதம் எங்களுக்காகத் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாசலுக்கு வந்துவிட்டோம் என்று நான் வெற்றியோடு ஓர் அடி பின்வைத்தேன். குதிகாலில் நிலைப்படி தட்டியது. முழங்கால் உயர நிலைப்படி. புராதனச் சின்னம், வெட்டக்கூடாது என்று நான்தான் அன்று அதை அப்படியே விட்டிருந்தேன். சாய்தளத்தின் உச்சியில் அது இருந்ததை மறந்தும் போயிருந்தேன்.

மல்லாந்து அருங்காட்சியகத்துக்குள் விழுந்தேன். (அன்று சீட்டு வாங்காமல் உள்ளே போன ஒரே ஆள் நான்.) நான் விட்டதும் தணிகாசலம் ஒருவனால் பிடிக்க முடியவில்லை. நாற்காலி அவனையும் தள்ளிக்கொண்டு பின்னோக்கி இறங்கியது. வேகமாகக்கூட இல்லை. நல்ல வேளை, அவன் முதுகு வேப்பமரத்தில் போய் முட்டி நின்றது. நான் வெட்டாமல் விட்ட மரம்.

யாருக்கும் பெரிதாக அடியில்லை. என் முழங்கையில் மட்டும் ரத்தம். இந்த இடத்தோடு நான் நிறுத்தியிருந்தால், இது வெறும் சிரிப்புக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் சீட்டு வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவமானம். வரிசையில் இருந்த கல்லூரிப் பையன்களைக் கூப்பிட்டு, கொஞ்சம் தூக்கிவிடுங்கப்பா என்றேன். மரகதத்தைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

நல்ல பிள்ளைகள். ஓடிவந்து நாற்காலியோடு தோளுயரத்துக்குத் தூக்கிவிட்டார்கள். "ஓரமா, ஓரமா" என்று ஒருவன் வழி விலக்கினான். வரிசையில் நின்ற ஓர் அம்மாள், சாமி புறப்பாட்டைக் கண்டவர்போலப் பழக்கதோஷத்தில் கைகூப்பினார். வாசலில் தேர் முடங்கியது. நாற்காலி நுழையும், தூக்குகிறவர்கள் நுழைய முடியாது. நாற்காலியைப் பக்கவாட்டில் சாய்க்கலாமா என்று ஆலோசனை நடந்தது. ஒருவர் கயிறு கேட்டார்.

"தம்பிங்களா, கீழ எறக்குங்க" என்றாள் மரகதம். வகுப்பில் பேசுகிற குரல். அதை நான் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

பையன்கள் என்னைப் பார்த்தார்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோ மரகதம். கிணறு உள்ளதான், இதோ பத்தடிதான்" என்றேன்.

"என்னைக் கேட்டீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாள். அவளை வேப்பமர நிழலில் இறக்கிவைத்துவிட்டு, பையன்கள் ஏதோ தாங்களே தப்புச் செய்துவிட்டதுபோல ஒவ்வொருவராக நழுவினார்கள். ஊழியர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தணிகாசலம் முதுகைத் தேய்த்துக்கொண்டு, என்னைத் தவிர எல்லாப் பக்கமும் பார்த்தான்.

மரகதம் தண்ணீரைக் குடித்துவிட்டு, நீங்களாவது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றாள். போனேன். எத்தனையோ தடவை அந்தக் கட்டடத்துக்கு வந்திருக்கிறேன். சுவர் விரிசலைப் பார்த்திருக்கிறேனே தவிர, கிணற்றைப் பார்த்ததில்லை. கம்பி வலை போட்டு மூடியிருந்தார்கள். கைபேசியில் படம் பிடித்தேன். வெளியே வந்து பார்த்தபோது என் கட்டைவிரலும் கொஞ்சம் தரையும் பதிவாகியிருந்தன. எனவே வாயால்தான் சொன்னேன். கிணறு சதுரம். படி கிடையாது.

"சதுரமா?" என்றாள். பிறகு, "அத்தனை பிள்ளைங்களுக்கும் வட்டம்னு சொல்லிட்டேனே" என்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தாள். திரும்பும் வழியில் கூடுவாஞ்சேரி வந்தது. அங்கே நெரிசலில் கார் நின்றபோது, முன்னாலிருந்த லாரியைப் பார்த்தபடி சொன்னாள்:

"கட்டினப்போ ஒரு தடவை நீங்களே உக்காந்து பாத்திருக்கலாம்."

அந்த வார்த்தையைத் தணிகாசலம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்கும், மரகதத்துக்கு முன்னால் நான்தான் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து போக வேண்டும். மண்டபம், மருத்துவமனை, ஓட்டல் எல்லாம் இப்படித்தான். அவள் காரில் காத்திருப்பாள். என்னை உருட்டிப் பார்ப்பார்கள். நான் குலுங்காமல் போய்ச் சேர்ந்தால் அவள் வருவாள். பார்க்கிறவர்கள் என்னை நோயாளி என்று நினைத்து ஆறுதல் சொல்வதும் உண்டு. வாங்கிக்கொள்கிறேன்.

ஆவணியில் தணிகாசலத்தின் மகன் பம்மலில் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். எங்கள் பக்கத்தில் ஒரு வெள்ளம் வந்து போனதும், எல்லோரும் போட்டிபோட்டுத் தரையை உயர்த்திக் கட்ட ஆரம்பித்தார்கள். அவன் மகன் அக்கம்பக்கம் எல்லாரையும் ஜெயித்திருந்தான். தெருவில் நாற்காலியில் இருந்த எனக்கு வாசற்படி மலைபோல் தெரிந்தது. சிமென்ட் வியாபாரியான தணிகாசலம் தலையில் கைவைத்தான். ஐயர் நல்ல நேரம் போகிறது என்றார். இவன் அவரை நிறுத்தி வைத்துவிட்டு, கடையிலிருந்து சென்டரிங் பலகைகளை வரவழைத்தான். ஓரடிக்குப் பன்னிரண்டடி. பலகை தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கேட்டு வரைக்கும் போயிற்று. ஒரு குப்பை வண்டியும் இரண்டு ஆட்டோவும் திரும்பிப் போயின.

முதலில் என்னை உருட்டினார்கள். பிறகு மரகதம், யாரும் தூக்காமல், சக்கரத்தில் தானே ஒரு கை போட்டுக்கொண்டு மெதுவாக ஏறி வீட்டுக்குள் போனாள். அடுத்து பசுவும் கன்றும் வர வேண்டும். படியைப் பலகை மறைத்துவிட்டது. பசு எப்படியோ ஏறிவிட்டது. கன்று, காலடியில் பலகை தடதடவென்றதும் மிரண்டுபோய் நகர மறுத்துவிட்டது. வாழைப்பழம் காட்டினார்கள், அகத்திக்கீரை காட்டினார்கள். கடைசியில் நான்கு பேர் அதை அலாக்காகத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டார்கள். அது உள்ளே போனதும் பயத்தில் புதுத் தரையை நனைத்துவிட்டது. ஐயர் சுபம் என்றார்.

"நம்ம வூட்ல மாட்டத்தான் தூக்குவோம், மன்சாளத் தூக்க மாட்டோம்" என்றான் தணிகாசலம். இப்போது கல்யாணம், காதுகுத்து எதிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் பந்தி முடிவதில்லை. சொல்லும்போதெல்லாம் மரகதம்தான் முதலில் சிரிக்கிறாள். அவள் சிரித்து முடித்துவிட்டாளா என்று பார்த்துக்கொண்டு, பிறகு நானும் சிரிக்கிறேன்.