டீஃபால்ட் ஃபோல்டரை உடனே மாற்றித் தரக் கோரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நீங்களும் மகளும் பேத்தியும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் அத்தை சௌக்கியம். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கிறேன். போனில் பேச வழியில்லை. இந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது ஒரு திரைதான். அதனால் கடிதம்.

போன மாதம் கண் டாக்டர், இரண்டு கண்ணிலும் புரை, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து அத்தையிடம், "ஒண்ணுமில்ல, சொட்டு மருந்து போதுமாம்"னு புளுகிட்டேன். முப்பத்தெட்டு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஒரு திருகாணியைக்கூடத் தொலைக்காதவன், இந்த ஒரு பொய்யை வைக்க இடமில்லாமல் தவித்தேன். யாரிடமாவது கொட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அதனால் தினமும் கம்ப்யூட்டரில் எழுதுவதற்கான எடிட்டரைத் திறந்து, எழுத்தை முட்டை அளவுக்குப் பெரிசாக்கி, என் பயத்தையெல்லாம் அடித்து வைத்தேன். பதினோரு ஃபைல் ஆச்சு.

அதற்கு முன்னால் நான் எதைச் சேமித்தாலும் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளும். உங்களைக் கேட்டேன். "செட்டிங்ஸ்ல டீஃபால்ட் ஃபோல்டர்னு இருக்கும் மாமா, அதுல உங்க ஃபோல்டரைக் காட்டி விட்டுடுங்க, அப்புறம் எல்லாம் தானா அங்க போய்ச் சேரும்" என்றீர்கள். காட்டினேன். எல்லாம் மஞ்சள் மஞ்சளாக இருந்தது, பெயர் ஒன்றும் படிக்கத் தெரியவில்லை, குத்துமதிப்பாக மூணாவதைத் தொட்டுட்டேன். அது என் மகள் போட்டுக் கொடுத்த 'குடும்பப் படங்கள்'! அதில் எது விழுந்தாலும் அத்தையின் டேப்லெட்டிலும் வந்து நிற்குமாம். நேற்று இணைய ஒயர் சரிபார்க்க வந்தவர்தான் சொன்னார். "சார், இதுல போடுறது மேடம் பார்க்குறதுக்குத்தானே?" என்றார். ஐயோ! தினமும் காலையில் பேத்தியைப் பார்க்க அவள் திறப்பது அதைத்தான்.

அழிக்கப் போனேன். கண் மங்கல். ஃபைல் போகவில்லை, உங்கள் அம்மா நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த படம் போய்விட்டது. சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை. சரி, டீஃபால்ட்டையே மாற்றுவோம் என்று புது ஃபோல்டரின் பாதையைக் கையால் அடித்தால் "இப்படி ஒரு இடம் இல்லை" என்று மிரட்டுகிறது. மத்தியானம் சாப்பிடும்போது அத்தை, "கண்ணு எப்படி இருக்கு?"ன்னா. பதறிப்போய், "எந்தக் கண்ணு?"ன்னு கேட்டுட்டேன். "உங்களுக்கு எத்தனை இருக்கு?"ன்னுட்டு தண்ணி எடுக்கப் போயிட்டா. படிச்சாளா, படிக்கலையா? திட்டினாலாவது தெரியும். சும்மா இருக்கிறாளே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? ஆறாவது ஃபைலில், ஆபரேஷன் கெட்டுப் பார்வை போயிட்டா இவ முகம் எனக்கு எத்தனை நாளைக்கு ஞாபகம் இருக்கும்னு எழுதி வெச்சிருக்கேன். அதைப் படிச்சுட்டா நான் எப்படி அவ எதிர்ல உட்கார்றது?

ஆகையால் மாப்பிள்ளை, அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, பதினோரு ஃபைலையும் அழித்து, டீஃபால்ட்டை வேறு எங்கேயாவது மாற்றிவிடுங்கள். உங்கள் காலில் விழாத குறை. பேத்திக்கு என் முத்தம். எல்லாரும் நல்ல கண்பார்வையோடு நூறு வருஷம் இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
நடுங்கும் மாமா

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை. மாமா சேமித்துவிட்டு, அனுப்பலாமா வேண்டாமா என்று யோசிக்க மாடிக்குப் போயிருக்கிறார். இதுவும் வழக்கம்போல என்கிட்டதான் வந்து விழுந்தது, நானே அனுப்பிடறேன். அந்தப் பதினொண்ணையும் வந்த அன்னன்னைக்கே படிச்சுட்டேன். டாக்டர்கிட்ட வியாழக்கிழமை ஆபரேஷனுக்குப் பேசியாச்சு, கூட நான் இருப்பேன். உங்களால எனக்கு ஒரே ஒரு உதவி ஆகணும். அந்த டீஃபால்ட்டை மட்டும் மாத்திடாதீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து இந்த மனுஷன் என்கிட்ட மனசு விட்டுப் பேசினது அங்க மட்டும்தான்.