டூரிஸ்ட் மாதிரி தெரியக் கூடாது

மகள் யோகேஸ்வரி பெங்களூரிலிருந்து போனில் அந்தச் செய்தியைச் சொன்னபோது சீனிச்சாமி இட்லி தின்றுகொண்டிருந்தார். பாதி இட்லி தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் கப்பல்ல டிக்கெட் போட்டுட்டேன். கொச்சியில ஏறணும். உள்ளேயே ஓட்டல், ஆட்டம் பாட்டம், நீச்சல் குளம் எல்லாம் இருக்கு. அரபிக்கடல்ல ஒரு சுத்து சுத்திட்டு திரும்பக் கொச்சியிலயே இறக்கி விட்ருவான்."

"சுத்தித்தான் அம்புட்டுத் தண்ணி கெடக்கே, உள்ள வேற எதுக்குக் குளம்?" என்றார் சீனிச்சாமி. அந்தக் குரல் அவருக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

சீனிச்சாமி போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். அரிவாளோடு வந்தவனை வெறுங்கையோடு மறித்திருக்கிறார். ஆனால் தண்ணீர் என்றால் மட்டும் அவருக்கு முழங்கால் இரண்டும் தனித்தனியாக ஆடும். அய்யனார் கோவில் ஆற்றுக்குக் குடும்பத்தோடு போனால் எல்லோரும் குளிப்பார்கள், அவர் கரையில் செருப்புக்குக் காவல் இருப்பார். வீட்டுக் குளியலறையில் ஷவரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். கேட்டால், "மேல இருந்து தண்ணி விழுந்தா கண்ணு தெரியாது. அந்த நேரம் பாத்து கள்ளன் வந்தா?" என்பார். டிபார்ட்மெண்டில் அவரைத் 'தண்ணி தொடாத மனுஷன்' என்று புகழ்வார்கள். எந்தத் தண்ணி என்று யாரும் விசாரித்ததில்லை.

போனை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு நூர்பானு தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கீய?"

சீனிச்சாமி விருட்டென்று எழுந்தார். "எந்தக் கப்பல்? எங்க? எப்போ?"

"சும்மா பேச்சுக்குச் சொன்னேண்ணே" என்று அவள் பயந்து உள்ளே போய்விட்டாள்.

'பயமா இருக்கு, வரல' என்று சொல்ல முடியுமா? மனைவி மாரிக்கனியின் முன்னால் இத்தனை வருஷம் கட்டிக் காத்த மீசை என்ன ஆவது? யோசித்தார். திட்டம் ஒன்று உதித்தது. தான் வரமாட்டேன் என்று சொல்லக் கூடாது. மாரிக்கனியைப் பயமுறுத்தி, அவள் வாயாலேயே 'வேண்டாம்' என்று சொல்ல வைக்க வேண்டும். திருடர்களைப் பற்றி அவருக்குத் தெரியாததா?

அன்று சாயங்காலமே ஆரம்பித்தார்.

"ஏட்டி மாரி, கப்பல்ல போறதுன்னா லேசுப்பட்ட காரியம் இல்ல. துறைமுகத்துல கள்ளப்பயலுவ கூட்டமா அலைவான். டூரிஸ்ட்டுன்னு தெரிஞ்சுதோ, தொலைஞ்சோம்."

"அய்யய்யோ!"

அந்த 'அய்யய்யோ' அவருக்குப் பாயாசம் போல இனித்தது. 

"கழுத்துல கெடக்குறத அத்துட்டுப் போயிருவான்."

"கவரிங் போட்டுக்கிடுதேன்."

"புதுச் சேலையக் கண்டான்னா பின்னாலயே வருவான்."

"பழசு கட்டிக்கிடுதேன்."

"சக்கரம் வச்ச பெட்டி உருட்டக் கூடாது. அந்தச் சத்தமே அவனுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற மாதிரி."

"மஞ்சப்பை இருக்குல்ல."

"ஒருத்தன் மயக்க மருந்து தடவுன கைக்குட்டையை மூஞ்சியில வீசுவான். முழிச்சுப் பாத்தா கட்டுன வேட்டிகூட இருக்காது."

"எனக்கென்ன, நான் வேட்டியா கட்டுதேன்?" என்றாள் மாரிக்கனி, முருங்கைக்கீரையை உருவியபடி.

சீனிச்சாமிக்கு வியர்த்தது. சொல்லச் சொல்ல அந்தக் கைக்குட்டைக்காரன் அவர் கண்முன்னால் வந்து நின்றான். பின்னாலேயே கடலும் வந்து நின்றது. அவள் பயப்படுவதாகத் தெரியவில்லை. இருக்கிற பயம் முழுவதையும் அவர் ஒருத்தரே பட்டுக்கொண்டிருந்தார். கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்து போனாத்தான் டூரிஸ்ட்டுன்னு கண்டுபிடிப்பான். புருசன் பொஞ்சாதின்னே காட்டிக்கப்படாது. நான் முன்னால போவேன், நீ பின்னால வரணும். யாரு என்னன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லிரணும்."

"அதுல என்ன கஷ்டம்? கல்யாணமான நாள்ல இருந்து ரோட்டுல நாம அப்படித்தானே போறோம்."

"சந்தேகப்படுற மாதிரி எவனையாவது பாத்தா, உடனே பக்கத்துல இருக்க போலீஸ்ல சொல்லிரணும். ஆளு யாரு எவருன்னு தாட்சண்யம் பாக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள். பிறகு கீரைக் காம்புகளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க இம்புட்டு சொல்றதப் பாத்தா, ஒரு தடவ ஒத்திகை பாத்துட்டா நல்லதுன்னு தோணுது. கப்பலுக்குக் கொண்டுபோற சாமான் பூராவும் எடுத்துக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டு வருவோம். எனக்கும் ஆண்டாளக் கும்பிட்ட மாதிரி இருக்கும்."

பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தில் நாலு இடி பட்டால் இவளே மிரண்டுவிடுவாள் என்று கணக்குப் போட்டார் சீனிச்சாமி. சம்மதித்தார்.

சாமான்களை உடம்புக்குள் ஒளித்துக் கொண்டுபோக நூர்பானுவிடம் இரண்டு பனியன்களைக் கொடுத்து உள்பைகள் தைக்கச் சொன்னார். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, முதுகில் ஒன்று என்று சொல்லிக்கொண்டே போனார்.

"அண்ணே, இது பனியன்ல பை வைக்கிறதா, பையில பனியன் வைக்கிறதா?"

"சொன்னதத் தைம்மா. முதுகுப் பையில ஐ.டி. கார்டு வச்சிருக்கேன். அத வாயையும் சேத்துத் தச்சிரு. எந்தக் கொம்பனாலயும் உருவ முடியாதபடி."

"நீங்க எப்படிண்ணே எடுப்பீய?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. "அதெல்லாம் அப்போ பாத்துக்கிடலாம்" என்றார்.

ஒத்திகை நாள் வந்தது. ராஜபாளையத்தில் அவர் பஸ்ஸின் முன்படியில் ஏறினார், மாரிக்கனி பின்படியில் ஏறினாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது அவருக்கு மூச்சு முட்டியது. இரண்டு பனியன், மேலே முழுக்கைச் சட்டை, வேட்டிக்குள்ளே சாக்ஸ். வயிறு ஒரு பக்கம் புடைத்து, நெஞ்சு மறுபக்கம் புடைத்து, அங்கங்கே கிழங்கு விளைந்த வயல் மாதிரி இருந்தார். நடக்கும்போது உள்ளே ஏதோ கடகடத்தது.

கூட்டம் நெருக்கியது. ஒருவன் தோளில் இடித்துவிட்டுப் போனான். சீனிச்சாமி சட்டென்று நெஞ்சைத் தடவிப் பார்த்தார். இருந்தது. இடுப்பைத் தடவினார். இருந்தது. குனிந்து காலைத் தடவினார். எதிரே கைக்குட்டையால் முகம் துடைத்துக்கொண்டு ஒருவன் வந்தான். சீனிச்சாமி மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்தார். அங்கிருந்தபடியே போகிற வருகிறவர்களின் சட்டைப் பைகளையும் கைகளையும் முறைத்து முறைத்துப் பார்த்தார். மாரிக்கனியைத் தேடினார். ஆளைக் காணோம்.

அப்போதுதான் தோளில் ஒரு கை விழுந்தது.

"பெரியவரே, செத்த நேரம் இப்படி வாங்க." 

திரும்பினால் ஓர் இளம் போலீஸ்காரர். நெஞ்சில் பாலகணேஷ் என்று பெயர் போட்டிருந்தது. புதிதாக வந்தவர் போல. சீனிச்சாமிக்கு அவரையும் தெரியாது, அவருக்குச் சீனிச்சாமியையும் தெரியாது.

பஸ் ஸ்டாண்டு போலீஸ் அவுட்போஸ்ட்டில் மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கச் சொன்னார்.

"சாக்ஸுக்குள்ள என்ன?"

"சுகர் மாத்திரை."

"ஏன், சுகர் காலுலயா இருக்கு?"

"பத்திரமா இருக்கட்டுமேன்னு..."

"இது என்ன எலுமிச்சம்பழம், இம்புட்டு?"

"வாந்தி வந்தா மோந்து பாக்க."

"பூட்டு எதுக்கு?"

"ரூமுக்கு."

"எந்த ரூமுக்கு? சரி, விசில் எதுக்கு?"

"தண்ணியில விழுந்துட்டா ஊதுறதுக்கு."

பாலகணேஷ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல எங்கய்யா இருக்கு தண்ணி?"

வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். பால்கோவா வாங்க வந்தவர்கள்கூட டப்பாவும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் கப்பலேறுவதற்கு முன்னாலேயே அவர் மானம் கப்பலேறிக்கொண்டிருந்தது.

"தம்பி, நானும் போலீஸ்தான். ரிட்டயர்டு எஸ்.எஸ்.ஐ."

"ஐ.டி. கார்டு?"

"இருக்கு. முதுகுல." அவர் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். "ஒரு கத்தரிக்கோல் கெடைக்குமா?"

சட்டையைக் கழற்றி, திரும்பி நின்றார். பாலகணேஷ் ஒரு கையால் பனியனைப் பிடித்து மறுகையால் நூர்பானுவின் தையலைப் பிரித்தார். கெட்டித் தையல். கார்டு வெளியே வந்ததும் படித்துப் பார்த்தார். விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"சார்! மன்னிச்சிருங்க சார்! ஆனா இந்தக் கோலத்துல ஏன் சார்?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "பொஞ்சாதியோட கப்பல்ல டூர் போறேன், தம்பி. டூரிஸ்ட் மாதிரி தெரியக் கூடாதுன்னு ஒத்திகை பாத்தேன்."

"கப்பல்லயா! நம்ம டிபார்ட்மெண்ட்ல யாரு சார் போயிருக்கா? பெரிய விஷயம் சார்!" சீனிச்சாமி சட்டைப் பொத்தான் போடுவதற்குள் பாலகணேஷ் தோளோடு தோள் நின்று ஒரு செல்பி எடுத்தார். அங்கேயே நின்று போனில் எதையோ தட்டினார். "டிபார்ட்மெண்ட் குரூப்புல போட்டுட்டேன் சார். எல்லாரும் வாழ்த்தட்டும்."

"வேண்டாம் தம்..."

"போயிருச்சு சார்."

மேசைச் சாமான்களை ஒரு கேரி பேக்கில் அள்ளிக்கொண்டு வெளியே வரும்போது சீனிச்சாமி கேட்டார். "ஆமா தம்பி, என்னை எப்படிப் புடிச்சீய?"

"ஒரு அம்மா வந்து சொன்னாங்க சார். தூணுக்குப் பின்னால ஒரு ஆளு திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நிக்கான், பாத்தா நல்லவனாத் தெரியல, போய்ப் பாருங்கன்னு."

திரும்புகிற பஸ்ஸில் மாரிக்கனி ஜன்னலோரம் உட்கார்ந்து பால்கோவா தின்றுகொண்டிருந்தாள். சீனிச்சாமி ஒத்திகை விதிகளை எல்லாம் மறந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏட்டி, போலீஸ்ல சொன்னது நீதானா?"

"நீங்கதானே சொன்னீய, சந்தேகப்படுற மாதிரி ஆளப் பாத்தா உடனே சொல்லணும்னு."

"அது நான்னு உனக்குத் தெரியாதா?"

"தாட்சண்யம் பாக்கக் கூடாதுன்னும் சொன்னீயளே. அவரு வேற, யாரும்மா அதுன்னு கேட்டாரு. தெரியாதுன்னுட்டேன்." கையிலிருந்ததை நீட்டினாள். "கொஞ்சம் தின்னுங்க. சுகரு இருக்குல்ல, கொஞ்சம்தான்."

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. சேத்தூரிலிருந்து பழைய ஏட்டு சோணைமுத்து. "ஏலே சீனி, கப்பல்ல போறியாமே! டிபார்ட்மெண்ட் மானத்தக் காப்பாத்திட்டடா!" வைத்ததும் இன்னொரு போன். அப்புறம் இன்னொன்று. பஸ் ராஜபாளையம் வந்து சேர்வதற்குள், அவரிடம் வேலை பார்த்தவர்கள், அவரை வேலை வாங்கியவர்கள், அவர் பிடித்து உள்ளே தள்ளி இப்போது திருந்தி டீக்கடை வைத்திருப்பவன் உட்பட எல்லோரும் வாழ்த்திவிட்டார்கள். இனி எந்த முகத்தோடு போகாமல் இருப்பது?

மாரிக்கனி ஜன்னல் வழியாக மேற்கே தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் உதட்டோரம் சிரித்த மாதிரி இருந்தது. பால்கோவாவாகவும் இருக்கலாம்.

கொச்சிக்குக் குருவாயூர் ரயிலில் போனார்கள். துறைமுகத்தில் அந்தக் கப்பலைக் கண்டதும் சீனிச்சாமி நடையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். கப்பலா அது? ராஜபாளையத்துப் பஞ்சு மில்கள் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தண்ணீரில் நிறுத்தினாற்போல இருந்தது. இவ்வளவு கனமும் எதை நம்பி மிதக்கிறது?

மாரிக்கனி ரயில் நிலையத்து ஓய்வறையில் போய் உடைமாற்றி வந்திருந்தாள். புதுப் பட்டுச் சேலை, தங்கச் சங்கிலி, கறுப்புக் கண்ணாடி, மகள் அனுப்பிய சக்கரப் பெட்டி. கேட்டதற்கு, "இங்க எல்லாருமே டூரிஸ்ட்டுதான். மாறி நின்னாத்தான் சந்தேகப்படுவான்" என்றாள். உண்மைதான். அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக நின்ற கூட்டத்தில் பழைய வேட்டியும் மஞ்சப்பையுமாக நின்றவர் அவர் ஒருத்தர்தான். வடக்கத்திக் குடும்பம் ஒன்று அவரை நடுவில் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டது.

எப்படி ஏறினார், எந்தப் படி, எந்தக் கதவு, ஒன்றும் அவருக்கு நினைவில்லை. மாரிக்கனி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. கால் அடியில் 'கும்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. சீனிச்சாமி வாசல் பக்கமே பார்த்தார். படி எந்தப் பக்கம் இருந்தது? ஓடினால் இறங்கிவிடலாமா?

மாரிக்கனி கதவைத் தாழிட்டுவிட்டு அதன்மேலேயே சாய்ந்துகொண்டாள். "கெளம்பிருச்சுங்க. நடுக்கடலுக்கு வந்தாச்சு."

அவ்வளவுதான். அவர் கட்டில் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணை இறுக மூடினார். அறை ஆடியது, கட்டில் ஆடியது, மீசைகூட ஆடியது.

"மாரி, சாகுறதுக்குள்ள ஒண்ணு சொல்லிருதேன். எனக்குத் தண்ணின்னா பயம்."

"ம்."

"கள்ளன், கைக்குட்டைன்னு சொன்னதெல்லாம் உன்னையப் பயமுறுத்தத்தான். நீ வேண்டாம்னு சொல்லிருவேன்னு பாத்தேன்."

"ம். தெரியும்."

"தெரியுமா! பொறவு எதுக்கு என்னை இழுத்துட்டு வந்தே?"

அவள் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கட்டில் காலிலிருந்து அவர் கையை மெல்லப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கையும் சில்லென்றுதான் இருந்தது. "எனக்கு மட்டும் என்ன, பயமில்லையா? கடலப் பாக்கணும்னு ஆசை. ஒத்தையில பாக்க பயம். அதான்."

சீனிச்சாமி ஒரு கண்ணைத் திறந்தார். நடுக்கடலுக்கு வந்தும் உயிர் இருக்கிறது. கூட ஆளும் இருக்கிறது. அவருக்கு லேசாகத் தைரியம் வந்தது. மீசையைத் தடவிக்கொண்டார்.

"பெரிய கடலு! என்ன பண்ணிருச்சு இப்போ? ஒண்ணுமே தெரியலயே. ரோட்டுல பஸ்ஸாவது குலுக்கும்."

அப்போது சுவரிலிருந்த ஸ்பீக்கர் கொரகொரத்தது. ஓர் ஆள் இங்கிலீஷிலும் இந்தியிலும் கடகடவென்று ஏதோ சொன்னான். பிறகு மலையாளத்திலும் சொன்னான்.

"என்ன சொல்லுதான்?" என்று கேட்டார் சீனிச்சாமி.

மாரிக்கனி அவர் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பத்தான் கெளம்பப் போகுதாம்."