இது ஒண்ணு மட்டும்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் ஓட்டுகிறவர்கள் ஒரு வகை, ஹார்ன் மாற்றுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை ரோட்டில் பார்க்கலாம். இரண்டாம் வகையைப் பார்க்க முடியாது, கேட்கத்தான் முடியும்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் வகை. தெருவில் அவருக்குப் பெயர் பாம்பாம். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிடலாம் என்கிற சிவப்புக் கார் ஒன்று அவருடைய ஷெட்டில் பதினொரு வருடமாக நிற்கிறது. அதில் ஒரு தடவை கடற்கரைக்குப் போய் வர வேண்டும் என்பது அவர் மனைவியின் ஆசை. இவர் என்ன மாட்டேன் என்றா சொன்னார்? "இதோ, ஹார்ன் ஒண்ணு மட்டும்" என்றுதான் சொன்னார்.

காரோடு வந்த ஹார்ன் கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறது என்று கழற்றினார், அடுத்தது லாரிக்காரனுடையது மாதிரி இருந்தது, அதற்கடுத்தது நன்றாகவே இருந்தது, ஆனால் கார் பிறந்த வருடத்துக்கு இரண்டு வருடம் பிந்தியது என்று யாரோ சொல்லிவிட்டதால் மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் அதையும் கழற்றினார். மெக்கானிக் அலுத்துப்போனார்.

"சார், கத்துது. வேற என்ன வேணும்?"

"கத்தக் கூடாதுப்பா. கூப்பிடணும்."

"நானுந்தான் பதினொரு வருஷமா கூப்பிடறேன்" என்றார் உள்ளேயிருந்து மனைவி.

போன ஞாயிற்றுக்கிழமை சரியான ஜோடி வந்து சேர்ந்தது. தடித்த குரலுக்கு ஒன்று, மெல்லிய குரலுக்கு ஒன்று. மாட்டியாயிற்று. மனைவி தலையில் துணி கட்டி, பிளாஸ்கில் டீ ஊற்றி, காரில் ஏறி உட்கார்ந்தேவிட்டார். நான் என் ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டேன்.

பாம்பாம் ஹார்னை அழுத்தினார். அருமை. பக்கத்து வீட்டு டெய்லரைக் கூப்பிட்டு அவருக்காக அழுத்தினார். டெய்லருடைய மனைவிக்காகத் தனியாக அழுத்தினார். முப்பதாவது தடவை குரல் கொஞ்சம் கம்மியது. உடனே இறங்கி, ஹார்னின் பின்னாலிருக்கும் திருகாணியை மயிரிழை திருப்பி மறுபடி அழுத்தினார். இன்னும் கம்மியது. இன்னும் திருப்பினார்.

"என்னங்க, இந்தச் சின்ன விளக்கு மங்கிக்கிட்டே வருது."

"உஸ். சுருதி கேக்கறேன்."

கடைசியில் வந்தது இருமல். சாவியைத் திருப்பினார். டொக் என்றது, அவ்வளவுதான். பேட்டரியில் இருந்ததையெல்லாம் ஹார்ன் குடித்துவிட்டிருந்தது.

அந்த அம்மாள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு இறங்கினார், முனைக்கு நடந்தார், பஸ் ஏறினார்.

சாயங்காலம் அந்த அம்மாள் செருப்பில் மணலோடு திரும்பியபோது, சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு பாம்பாம் வாசலிலேயே காத்திருந்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்த. இப்ப கேளு."

கேட்டார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "பஸ் ஹார்னும் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல அது ஓடவும் ஓடுச்சு."

சிரிக்காதீர்கள். உங்களிடம் ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான். ஆனால் "கிளம்பலாம், இது ஒண்ணு மட்டும் முடிச்சிட்டு" என்று இந்த வாரம் எத்தனை தடவை சொன்னீர்கள்? இதைப் படிக்க உட்கார்ந்தபோதுகூடச் சொல்லியிருப்பீர்கள். எட்டிப் பாருங்கள், வாசலில் யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்களா என்று.

இல்லையென்றால், பஸ் ஏறிவிட்டார்கள்.