சோளக்கதிர் மீது தீக்குச்சியின் புகார்

செண்பகவல்லி அம்மன் துணை

கோவில்பட்டி,
9-7-2005

‘கதைப்பட்டறை’ மின்னஞ்சல் குழுமத்தின் மட்டுறுத்துநரும், என் கூடப்பிறந்த அக்காள் மகனும், பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பவனுமாகிய சிரஞ்சீவி ஹரிஹரசுதனுக்கு, மாமா பூவனலிங்கம் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தை பத்திரகாளியும் சௌக்கியம். மழை இல்லாததால் தீக்குச்சி மருந்து நன்றாகக் காய்கிறது, ஆகவே தீப்பெட்டி ஆபீஸும் சௌக்கியம். அக்காளின் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

இது புகார்க் கடிதம். மருமகனாக இருக்கிற இடத்தில் உன்னை நீ என்றும், மட்டுறுத்துநராக இருக்கிற இடத்தில் தாங்கள் என்றும் எழுதுவேன், குழப்பிக்கொள்ளாதே. தாங்களும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதைக் குழுமத்திலேயே போட்டிருப்பேன். ஆனால் புகாருக்குரிய உறுப்பினரும் அங்கே படிப்பார். போதாததற்கு, நான் தட்டச்சு செய்வதைப் பிரவுசிங் சென்டர்க்காரர் முதுகுக்குப் பின்னால் நின்று சத்தமாக வாசிக்கிறார். ஆகவே தபாலில் அனுப்புகிறேன்.

நீ என்னைக் குழுமத்தில் சேர்த்துவிட்டபோது ஒரு சட்டம் சொன்னாய். யார் கதை போட்டாலும் படிக்கிறவர் ஒரு நிறையும் ஒரு குறையும் சொல்ல வேண்டும், ஒளிவுமறைவு கூடாது, குறை கேட்டவர் கோபப்படக் கூடாது. இந்தச் சட்டத்தின் பின்பாதி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காலமெல்லாம் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவனுக்குக் குறை கண்டுபிடிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பண்டலில் ஒரு பெட்டியை உருவி, ஒரு குச்சியை உரசிப் பார்ப்பேன். பற்றினால் பண்டல் லாரியில் ஏறும், பற்றாவிட்டால் உள்ளே திரும்பிப் போகும். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, உன் தலை உருண்டையாக இருக்கிறது, உடம்பும் நேராக இருக்கிறது, பற்றத்தான் இல்லை என்று கொஞ்சிக்கொண்டு நிற்பது என் வழக்கமில்லை. கதைகளையும் அப்படியே பார்த்தேன். முதல் பத்தியைப் படிப்பேன், நமத்துப்போயிருந்தால் நமத்துப்போயிருக்கிறது என்று எழுதிவிடுவேன். தீக்குச்சி என்ற என் புனைபெயரைக் கண்டாலே சிலர் எழுதுவதை விட்டுவிடுவதாக நீ வருத்தப்பட்டாய். அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது, அதுவும் தமிழுக்கு ஒரு சேவைதானே. ஒரே ஒரு கதையை மட்டும் மனதாரப் பாராட்டினேன். எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக இருந்தது, புது மாதிரி முயற்சி, அடக்கமான நடை என்று எழுதினேன். சென்டர் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லை என்பதைப் பிறகு சொன்னார்கள். அன்றோடு பாராட்டுகிற வேலையை விட்டுவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் ‘சோளக்கதிர்’ என்ற பெயரில் ஒருவர் கதை போட்டார், நினைவிருக்கும். ஒரு மனிதர் மகனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், பேச்சு முடியும் முன்பே இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடுகிறார். அந்த இடம் வந்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம். நம் பக்கத்தில் பெண் வீட்டில் காபி குடிக்கலாம், பலகாரத்தில் ஒரு விள்ளல் எடுக்கலாம். இலை போட்டுச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம், அதற்குமேல் பின்வாங்க முடியாது. இது பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்த இடத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு, பேசி முடிக்காமல் கை நனைக்கிற மனிதன் கரிசல் சீமையில் இதுவரை பிறக்கவில்லை, இனியும் பிறக்கமாட்டான், ஆசிரியருக்கு உலக அனுபவம் போதாது என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அந்த விமர்சனத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றமாட்டேன் என்பதை இங்கேயே பதிவு செய்கிறேன்.

என் மகன், உன் மச்சான் ஜெயகிருஷ்ணனுக்கு முப்பத்திரண்டு முடியப்போகிறது. பார்த்த இடமெல்லாம் தட்டிப்போனது. அதற்குக் காரணம் நான்தான் என்று உன் அத்தை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் யாரையும் குறைவாகப் பேசியதில்லை. ஒரு வீட்டில் அடுப்படி இருக்கிற திசை சரியில்லை, இடித்துக் கட்டுங்கள் என்றேன். இன்னொரு வீட்டில் காபியில் சிக்கரி தூக்கலாக இருக்கிறது என்றேன். உள்ளதைச் சொன்னால் சம்பந்தம் உடைகிறது என்றால், அது உடைய வேண்டிய சம்பந்தம்தான் என்று இருந்துவிட்டேன். ஜெயகிருஷ்ணனும் ஒன்றும் சொன்னதில்லை. ஆபீஸில் என் எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான், என்ன சொன்னாலும் சரிப்பா என்பான். அவ்வளவு தங்கமான பிள்ளை.

ஆடி பிறப்பதற்குள் பார்த்துவிடுவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை எப்போதும்வென்றான் கிராமத்துக்குப் போனோம். பெண்ணின் பெயர் இந்துஜா, கம்ப்யூட்டர் படித்துவிட்டு இங்கே கோவில்பட்டியில் ஒரு பயிற்சி சென்டரில் சொல்லிக் கொடுக்கிறது. தகப்பனார் கண்ணுசாமிக்குப் பருத்தி வியாபாரம், நல்ல மனிதர். கார் ஊருக்குள் திரும்புகிற இடத்தில் ஜெயகிருஷ்ணன் மெதுவாக, “யப்பா, இந்த வீட்லயாவது ஒண்ணும் சொல்லாம இருங்க. எனக்கு இந்த எடம் முடியணும்னு இருக்கு” என்றான். நானும் ஒப்புக்கொண்டேன். காபியைக் குடித்தேன், ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்கு இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை.

கண்ணுசாமிதான் ஆரம்பித்தார். பிள்ளை கம்ப்யூட்டரில் கதையெல்லாம் எழுதும் என்று பெருமையாகச் சொன்னார். எந்தக் குழுமம் என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன், கதைப்பட்டறை என்றது. என்ன பெயரில் என்று கேட்டேன், சோளக்கதிர் என்றது. மருமகனே, வேறொருவனாக இருந்தால் அந்த இடத்தில் மேலே மின்விசிறியைப் பார்த்திருப்பான். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை, நான்தான் தீக்குச்சி என்று சொல்லிவிட்டேன். உன் அத்தை தலையில் கை வைத்தாள். அந்தப் பிள்ளை மட்டும் கொஞ்சமும் பதறாமல் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்து, கதை நடந்த கதைதான், அதன் சித்தியைப் பெண் பார்க்க வந்தபோது கண்ணால் பார்த்தது என்று சொன்னது. நடந்திருக்க முடியாது என்றேன். நடந்தது என்றது. கதை என்றால் நடந்ததை எழுதுவதா, நடக்கக்கூடியதை எழுதுவதா என்று நான் விளக்க ஆரம்பித்தேன். விளக்கம் மத்தியானம் வரைக்கும் போனது. நடுவில் யாரோ எழுந்து வாருங்கள் என்றார்கள், எழுந்து போனேன். உட்காருங்கள் என்றார்கள், உட்கார்ந்தேன். விளக்கத்தை மட்டும் நிறுத்தவில்லை. இந்துஜா எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தது. பேசி முடிக்காமல் எவனாவது கை நனைப்பானா, நீயே சொல் தாயி என்று கேட்டுவிட்டு நிமிர்ந்தால் எல்லோரும் என் வலது கையைப் பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். சாம்பார் முடிந்து ரசத்துக்கு வந்திருந்தேன், மருமகனே. உன் அத்தை உட்காரவே இல்லை. பக்கத்தில் ஜெயகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான், அவன் இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது.

கண்ணுசாமி கையைக் கட்டிக்கொண்டு, “அப்பொ முடிஞ்சிதுன்னு வச்சுக்கிடுவோமா, சம்மந்தி?” என்று கேட்டார்.

இது ஒரு இலக்கிய விவாதத்தின் நடுவே நேர்ந்த சாப்பாடு, சடங்கில் சேராது என்று தெளிவாக எடுத்துச் சொன்னேன். யாரும் கேட்டபாடில்லை, சிரிப்பதிலேயே இருந்தார்கள். பேச்சை மாற்ற வேண்டி, குழுமத்தில் நான் போட்டிருந்த கதையைப் படித்தாயா என்று அந்தப் பிள்ளையைக் கேட்டேன். ஒரு தீப்பெட்டி ஆபீஸ்காரர் தன் மகனை எப்படி ஆளாக்கினார் என்று எழுதியிருந்தேனே, அதுதான். படித்தேன் என்றது. சட்டப்படி முதலில் நிறை சொன்னது. அடைமழையில் குச்சி காயாமல் ஆபீஸில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற இடம் நன்றாக இருந்ததாம். பிறகுதான் குறையைச் சொன்னது.

“கத முழுக்க அப்பாவே பேசுதாவ. மகன் ஒரு எடத்துலகூட வாயத் தொறக்கல. அவனுக்கு என்ன வேணும்னு கதைல யாருமே கேக்கலியே.”

அப்போது எனக்குச் சுருக்கென்றது என்று எழுத விருப்பமில்லை. ஆனால் சுருக்கென்றது. அது கதையின் உத்தி என்று பதில் சொல்ல வாயெடுத்தவன், பக்கத்தில் பார்த்தேன். உன் மச்சான் குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னையும் அறியாமல், “நீ என்னலே சொல்லுத?” என்று கேட்டுவிட்டேன். அவன் நிமிர்ந்து, “எனக்குப் பிடிச்சிருக்குப்பா. அவங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு கேளுங்க” என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றில் கை வைத்தான்.

இந்த இடத்தில் அந்தப் பிள்ளை சரி என்று சொல்லியிருந்தால் நான் புகார் எழுதவேண்டிய அவசியமே இல்லை. அது என்ன சொன்னது தெரியுமா? “குற சொல்லிட்டீங்க. நிற ஒண்ணு பாக்கி இருக்கு. அதச் சொல்லுங்க, நானும் சொல்லுதேன்.” இதைக் கேட்டு அதன் தாயார் அதட்டினார், தகப்பனார் கெஞ்சினார், உன் அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் அசையவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் ஒரு வாரமாக யாரும் என்னோடு பேசுவதில்லை. ஜெயகிருஷ்ணன் மட்டும் வழக்கம்போல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சரிப்பா என்கிறான், இரண்டு நாளாக அதுவும் குறைந்திருக்கிறது.

ஆகவே தாங்கள் உடனே தலையிட வேண்டும். ஓர் உறுப்பினர், தன் கதைக்குப் பாராட்டு வாங்குவதற்காக, விமர்சகர் மகனின் கல்யாணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாமா? நாளைக்கு எல்லோரும் இப்படி ஆரம்பித்தால் குழுமத்தில் பிள்ளை பெற்ற எவன் வாயைத் திறப்பான்? சோளக்கதிரை ஒரு மாதத்துக்காவது விலக்கி வைக்கவும். நிறை சொல்ல வேண்டும் என்ற பாதியைச் சட்டத்திலிருந்து எடுத்துவிடவும். என் விமர்சனம் சரியானது என்று மட்டுறுத்துநர் கையொப்பத்தோடு ஒரு அறிவிப்பும் போடவும். என் நிலையில் நான் உறுதியாக இருக்கிறேன். குச்சி பற்றவில்லை என்றால் பற்றவில்லைதான், சம்பந்தியின் குச்சி என்பதற்காக ஏற்றி அனுப்ப முடியாது.

இத்துடன் கடலை மிட்டாய் பார்சல் வருகிறது, அக்காளுக்குப் பல் கூச்சம் இருந்தால் பொடித்துக் கொடு. உனக்கும் அடுத்த தையில் ஒரு நல்ல இடம் அமையட்டும், பெண் பார்க்கப் போகும்போது என்னையும் கூட்டிப் போ. வேலையும் உடம்பும் நல்லபடியாக இருந்து, குழுமத்தை நீ நீடூழி நடத்தவேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்ளும்,

உன் மாமா,
பூவனலிங்கம் (தீக்குச்சி)

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் ஒரு விஷயம். புகாருக்கு ஆதாரமாக இருக்கட்டும் என்று சோளக்கதிரின் கதையை இன்று காலை சென்டரில் அச்செடுத்து வாங்கினேன். கை நனைக்கிற இடத்துக்குப் பிறகும் ஒரு பக்கம் இருக்கிறது, அதை நான் அப்போது படிக்கவில்லை. சாப்பிடுகிற அந்த மனிதரைப் பார்த்து வீடே சிரிக்கிறது. மகன் மட்டும் எழுந்து போகவில்லை. அப்பா தனியாக உட்கார்ந்திருந்தால் அவருக்கு அசிங்கமாகிவிடும் என்று, பசியில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். இந்த இடம் மிக நன்றாக இருக்கிறது, என்னால் இப்படி எழுத முடியாது என்று குழுமத்தில் என் பெயரிலேயே போட்டுவிட்டேன். சென்டர்க்காரர் அதையும் சத்தமாக வாசித்தார், வாசிக்கட்டும். மேலே எழுதிய புகாரைக் கிழித்துப் போட்டுவிடு. பழைய விமர்சனத்தையும் நீக்கிவிடு, சட்டத்தில் கை வைக்க வேண்டாம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் நிச்சயதாம்பூலம், அக்காளைக் கூட்டிக்கொண்டு முந்தின நாளே வந்துவிடு. சாயங்காலம் எப்போதும்வென்றானிலிருந்து சரி சொல்ல அந்தப் பிள்ளையே போன் பண்ணியது, ஜெயகிருஷ்ணன்தான் எடுத்தான். உன் அத்தை காபி போட்டு, அது ஆறி, மறுபடி சூடுபண்ணிக் கொண்டுவந்து வைக்கிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தான். அவன் இவ்வளவு பேசுவான் என்று எனக்குத் தெரியாது, மருமகனே.