திரையில் படிந்த ஊதாக் கறையும் அப்பாவின் மைக்கும்

மாமாவின் கனிவான கவனத்திற்கு! செவ்வாய்க்கிழமை முதல் நம் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு இயங்காது என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இதனால் ஏற்படும் சிரமங்களுக்கு உங்கள் அக்கா பொறுப்பல்ல.

நலம், நலமறிய அவா என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். முதல் சொல்லிலேயே பொய் சொல்ல மனம் வரவில்லை. அதனால் அவாவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நலம் கைவசம் இல்லை.

நடந்தது இதுதான் மாமா. விடுமுறை என்பதால் பேருந்து நிலையத்துக்கு அப்பாவின் மதியச் சாப்பாட்டை நான்தான் எடுத்துப் போகிறேன். அவருடைய அறிவிப்பு அறை உங்களுக்குத் தெரியும்: ஒரு மைக், ஒரு ஆம்ப்ளிஃபையர், எந்த வண்டி எந்த நடைமேடை என்று காட்டும் பெட்டி போன்ற பழைய கம்ப்யூட்டர் திரை, சுற்றுவதைவிட அதிகமாக முனகும் ஒரு ஃபேன். அப்பா தன் செல்போனை ஆம்ப்ளிஃபையர் மேல்தான் வைப்பார். போன் மணி அடிப்பதற்கு இரண்டு நொடி முன்பே ஸ்பீக்கரில் "டுட் டுடுட் டுடுட்" என்று ஒரு கரகரப்பு வரும், திரையும் குளிரில் நடுங்குவதுபோல் லேசாக ஆடும். இதைக் கண்டுபிடித்த உலகின் முதல் விஞ்ஞானி நான்தான் என்று நினைக்கிறேன். கரகரப்பு வந்ததும் கண்ணை மூடி, நெற்றியில் விரல் வைத்து, "அப்பா, ஓர் அழைப்பு உங்களைத் தேடி வருகிறது" என்பேன். மணி அடிக்கும். அப்பா வாயைப் பிளப்பார். இரண்டே நாளில் என் பெயர் சிக்னல் சாமியார்! ஒரு கண்டக்டர் அண்ணன் தன் போனையும் அங்கே வைத்துவிட்டு, "தம்பி, எங்க வீட்டுக்காரி எப்ப கூப்பிடுவான்னு கரெக்டா சொல்லு, நான் அதுக்குள்ள வண்டிய எடுத்துட்டு ஓடிடறேன்" என்று கெஞ்சினார் என்றால் என் பெருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறிய பெருமை இறங்கும்போது படி தெரியாதாம். செவ்வாய்க்கிழமை அந்தத் திரையின் வலது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஊதாவும் பச்சையுமாக ஒரு கறை விழுந்தது. சரியாக நடைமேடை எண் வரும் இடம். அப்பா கண்ணை இடுக்கிப் பார்த்து, எட்டை மூன்று என்று அறிவித்துவிட்டார். எட்டில் நின்ற கூட்டம் மூட்டை முடிச்சோடு மூன்றுக்கு ஓடியது. எட்டிலிருந்த வண்டி காலியாகக் கிளம்பிப் போனது. அடுத்த நிமிடம் நிலைய மேலாளரே அறிவிப்பு அறைக்குள் வந்து நின்றார். எதற்கெடுத்தாலும் தாள் அடித்து ஒட்டுவதால் ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் சுற்றறிக்கை.

"என்னய்யா இது, ஸ்கிரீனுக்கு ரத்தக்கட்டா?"

"தெரியல சார், காலைல நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அப்பா.

இங்கேதான் மாமா, என் வாய்க்குப் பூட்டு இல்லாமல் போனது. "சார், இது செல்போன் அலை. கொஞ்சம் கொஞ்சமா வந்து ஸ்கிரீன்ல படிஞ்சிடும். ஒட்டடை மாதிரி" என்றேன். எவ்வளவு அழகான உவமை! மேலாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப இத்தனை வருஷமா இங்க படுத்துக் கிடந்தது யாரு போன்?" என்று திரும்பினார். நான் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அப்பா தன் போனைப் பார்த்தார், கறையைப் பார்த்தார், குற்றவாளி மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

மாலையே தாள் ஒட்டிவிட்டார்கள். வரும் திங்கள் முதல் அறிவிப்புக்குப் பதிவு செய்த குரலாம். அப்பாவுக்குப் பயணிகள் பெட்டி வைக்கும் அறையில் வேலையாம். பெட்டிகளிடம் என்ன பேசுவார் மாமா? பதினெட்டு வருடமாக ஊருக்கே வழி சொன்ன குரல் இப்போது "தண்ணி" என்று கேட்கக்கூடத் தயங்குகிறது. போனை ஒரு துணியில் சுற்றி, மூடி போட்ட பாத்திரத்தில் அடைத்து, வீட்டு டிவி கண்ணில் படாத மூலையில் வைத்திருக்கிறார். நேற்று வந்த பக்கத்து வீட்டுக்காரரை வாசலிலேயே நிறுத்தி, போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். அம்மா என்னிடம், "இனி இந்த வீட்டுக்கு வர்றவங்க செருப்போட செல்லையும் கழட்டணும்டா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள். செவ்வாயிலிருந்து இதே கவலையில் உப்புப் போட மறந்துவிடுகிறாள்; உப்பு நின்ற கதை அதுதான்.

ஆகவே டிவி ரிப்பேரில் கரைகண்ட தாங்கள், உங்கள் கடை முத்திரை குத்தி மேலாளருக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும். நிலையத்தில் நிற்கும் முந்நூறு பயணிகளின் முந்நூறு போன் அலைகளும் சேர்ந்துதான் கறையாகப் படிந்தன, ஒருவருடைய போனால் மட்டும் இத்தனை அழுக்கு சாத்தியமில்லை என்று எழுதுங்கள். அறிவியல் சொற்கள் போதவில்லை என்றால் நான் தருகிறேன், கைவசம் நிறைய இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம். குட்டிப் பாப்பாவுக்கு முத்தம். பெரியவர்கள் ஆசியும் சின்னவர்கள் பிரார்த்தனையும் எங்கள் திசைக்கு இந்த வாரம் கொஞ்சம் தூக்கலாகத் தேவை.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகன்
(முன்னாள் சிக்னல் சாமியார்)

பி.கு.: மாமா, அந்தக் கடிதத்தை எழுத வேண்டாம். போன் அலை படியாது. திரை இரண்டு நொடி ஆடும், அப்புறம் நின்றுவிடும். அது எனக்கு முதல் நாளே தெரியும். செவ்வாய்க்கிழமை அப்பா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைத் திரையில் வைத்துப் பார்த்தேன். வானவில் வந்தது. காந்தத்தை எடுத்தேன், வானவில் போகவில்லை. காந்தக் கறையை எடுக்கும் வளையம் உங்கள் கடையில் இருக்குமாமே, அதைத் தூக்கிக்கொண்டு திங்களுக்குள் வாருங்கள். நேரில் சொல்லலாம் என்று மூன்று நாளாக வாயைத் திறந்து பார்க்கிறேன், வெறும் காற்றுதான் வருகிறது. அதனால் உறையை ஒட்டாமல், தபாலில் போடச் சொல்லி அப்பாவிடமே கொடுக்கப்போகிறேன். எழுத்து என்று ஒன்று கண்ணில் பட்டால் அவரால் சத்தமாகப் படிக்காமல் இருக்க முடியாது; மருந்துச் சீட்டையே இரண்டு முறை அறிவிப்பவர். அப்பா, இந்த வரிக்கு வந்துவிட்டீர்கள் என்றால், நான் கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.