‘டெஸ்ட்’ என்று எழுத மறுத்த டெஸ்ட் அண்ணே

போன ஞாயிற்றுக்கிழமை, பழங்காநத்தத்தில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் என் வாடகை அறையில், ஒரு பழைய கம்ப்யூட்டரை எனக்கே எனக்கான மெயில் சர்வராக மாற்றி முடித்தேன். ஓடுகிறதா என்று பார்க்க ‘டெஸ்ட்’ என்று தட்டப் போனேன். முதல் எழுத்து விழுந்ததுமே விரல் நின்றுவிட்டது. முதல் மெயில் யாருக்குப் போக வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும் என்பது அந்த நொடியில்தான் எனக்குத் தோன்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மதுரையில் மெயில் அனுப்பத் தெரிந்து பிறந்தவர் ஒரே ஒருவர்தான். நான் உட்பட மற்ற எல்லோரும் வெறுமனே பட்டனை அமுக்குகிறவர்கள். இதை மறுத்து எத்தனை பேர் கடிதம் போட்டாலும் எனக்குக் கவலையில்லை.

அவருடைய சொந்தப் பெயரை எங்கள் கம்பெனியில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. டெஸ்ட் அண்ணே என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். ‘டெஸ்ட்’ என்ற சொல்லைக் கண்டாலே அவருக்கு ஆகாது என்பதால் அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி. வீட்டில் சௌராஷ்டிரம், ஆபீசில் தமிழ், சர்வரிடம் இங்கிலீஷ். மூன்றிலும் சண்டைதான் போடுவார்.

திருப்பரங்குன்றம் சாலையில் துண்டும் மேஜைத் துணியும் ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. புது நூற்றாண்டு பிறந்த புதிது. ஜெர்மனியில் ஒரு பெரிய வியாபாரி எங்கள் துண்டுகளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஆனால் படமும் விலையும் கம்பெனிப் பெயரில் இருக்கும் முகவரியிலிருந்து மெயிலில்தான் வர வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஃபேக்ஸில் அனுப்பினால் சிவப்புத் துண்டு, பச்சைத் துண்டு, கட்டம் போட்ட துண்டு எல்லாமே கறுப்புத் துண்டாகத்தான் போய்ச் சேரும். வேறு வழியில்லாமல் முதலாளி ஒரு சர்வர் வாங்கினார். அதை ஓட்ட டெஸ்ட் அண்ணனை வேலைக்கு வைத்தார். கல்லூரியிலிருந்து சூடு ஆறாமல் வெளியே வந்திருந்த என்னை அவருக்குத் துணையாகப் போட்டார்.

சர்வருக்குக் கிடைத்த இடம், விற்காத துண்டுப் பொதிகளை அடைத்து வைக்கும் அறை. ஃபேன் கிடையாது. முதலாளி அறையில் இரண்டு ஏசி. சித்திரை மாதத்து மத்தியானத்தில் டெஸ்ட் அண்ணே துண்டுப் பெட்டி அட்டையைக் கிழித்து, சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக்கூட அப்படி யாரும் விசிறி நான் பார்த்ததில்லை. ஃபேன் கேட்கப் போனதற்கு முதலாளி, “மெசினுக்கு எதுக்குய்யா காத்து, அது என்ன மூச்சா விடுது?” என்று அனுப்பிவிட்டார்.

சர்வரை நிறுத்திய திங்கட்கிழமை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மேஜைக்கு மேஜை மெயில் பறந்தது. வெளியிலிருந்தும் வந்தது. ஜெர்மனிக்கு மட்டும் போகவில்லை.

நான் சும்மா இருக்கிற ஆளில்லை. “டெஸ்ட்”, “டெஸ்ட் ரெண்டு”, “டெஸ்ட் மூணு” என்று மளமளவென்று தட்டிவிட்டேன். அனுப்புகிற பட்டனை அமுக்குவதற்குள் அவர் என் கையைப் பிடித்தார்.

“மாப்ள, என்ன பண்ற?”

“போகுதான்னு பாக்குறேன்ணே.”

“டெஸ்ட்டுனு மட்டும் எழுதி அனுப்புறது, ஒரு வீட்டுக் கதவத் தட்டிட்டு ஓடிப்போற மாதிரி. தட்டுனா ஏதாச்சும் சொல்லணும்டா. அதுவும் நெசமா இருக்கணும்.”

சொன்னதோடு நிற்கவில்லை. உட்கார்ந்து ஒரு முழுக் கடிதம் எழுதினார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். காலையில் என்ன சாப்பிட்டார், பஸ்ஸில் இடம் கிடைத்ததா, வில்லாபுரத்தில் அவர் தெருவில் தண்ணீர் வந்ததா, எல்லாம். எழுதி அந்த ஜெர்மன் வியாபாரியின் முகவரிக்கே அனுப்பினார்.

“அண்ணே, அவருக்கேவா?”

“எந்தக் கதவு தொறக்கலையோ அதத்தான தட்டணும்.”

“அவருக்குத் தமிழ் தெரியாதேண்ணே.”

“போகவே மாட்டேங்குது. புரிஞ்சா என்ன, புரியாட்டா என்ன?”



சர்வரில் ஒவ்வொரு மாற்றம் செய்த பிறகும் அதே முகவரிக்கு ஒரு கடிதம். செவ்வாய்க்கிழமை முதலாளியே அந்த அறைக்கு வந்தார். வந்ததும் வேர்த்தது. “அந்தப் பக்கம் என்னதான்யா சொல்றான்?” என்றார். டெஸ்ட் அண்ணே கறுப்புத் திரையைத் திறந்து, ஜெர்மனி சர்வரோடு தானே நேராகப் பேச்சுக் கொடுத்தார். இவர் ஒரு வரி தட்டினால் அது ஒரு வரி பதில் போடும். அதை முதலாளிக்கு மதுரைத் தமிழில் நடித்தும் காட்டினார்.

“நான் வணக்கம்னேன். ‘எவன்டா நீ’ங்கிறான். மதுரைத் துண்டுக் கம்பெனிங்கிறேன். ‘உன் நம்பர வச்சு விசாரிச்சா அப்பிடி ஒரு பேரே வரலையே, அப்புறமா வா’ங்கிறான்.”

“போடாங்கிறானா?”

“இல்ல முதலாளி. போடான்னா மெயில் திரும்பி வந்துரும். அப்புறமா வான்னா வாசல்லயே வரிசைல நிக்கும்.”

“எம்புட்டு நேரம்?”

“அஞ்சு நாள் நிக்கும்.”

“நம்ம ஆளுக அஞ்சு நிமிசம் நிக்க மாட்டேங்கிறாய்ங்க,” என்ற முதலாளி, வாசல்வரை போய்த் திரும்பினார். “வெள்ளிக்கிழமைக்குள்ள வெலை அங்க போய்ச் சேரணும். சேரலைனா இந்த டப்பாவும் வெளிய, நீயும் வெளிய.”

அவர் போனதும் நான் கதவைச் சாத்தினேன். ரகசியமாகச் சொன்னேன்: “அண்ணே, பிரவுசிங் சென்டர்ல போயி வேற முகவரில அனுப்பிட்டு, நம்ம சர்வர்தான் அனுப்புச்சுன்னு சொல்லிருவோம்.”

“ஓட்டல்ல வாங்கிட்டு வந்து, நான் சமைச்சேன்னு எலைல வைக்கச் சொல்றியா? போ, போயி அட்டைய எடுத்து விசுறு.”

விசிறினேன்.

எங்களுக்கு இணைய இணைப்பு கொடுத்தவர்கள், எங்கள் சர்வரின் இணைய எண்ணுக்கு நேரே கம்பெனிப் பெயரைப் பதிந்து வைக்க வேண்டும். அவர்கள் அதைச் செய்யவில்லை, கோளாறு இவ்வளவுதான். போன் பண்ணினால் “இந்தா போட்டுருவோம் சார்” என்பார்கள். வியாழக்கிழமை டெஸ்ட் அண்ணே டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு அவர்கள் ஆபீசுக்கே போய்விட்டார். வேலை முடியும்வரை நகர மாட்டேன் என்று, அவர்களுடைய மேஜை மேலேயே கேரியரைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டாராம். கத்திரிக்காய் வாசனை தாங்காமலோ என்னவோ, ரசத்துக்கு வருவதற்குள் பெயரைப் பதிந்துவிட்டார்கள்.

திரும்பி வந்ததும் வரிசையைத் திறந்து பார்த்தோம். அன்று காலையில் அனுப்பியிருந்த விலைப் பட்டியல் கடைசியில் நின்றது. அதற்கு முன்னால் அவருடைய கடிதங்கள், ஒரு கட்டு.

“அண்ணே, வெலைய மட்டும் விட்டுட்டு மத்தத அழிச்சிரலாம்ணே.”

“நாலு நாளா வெயில்ல நிக்கிறவன வரிசைல இருந்து தள்ளிவிடச் சொல்றியா? மொத வந்தவன் மொதப் போகட்டும்.”

கதவு திறந்தது. ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் விலைப் பட்டியலும் படங்களோடு மெதுவாக ஊர்ந்து போனது. அவர் ஏற்றுமதித் துண்டு ஒன்றை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதில் வந்தது. திரையைப் பார்த்தால் கண் கெட்டுவிடும் என்பது முதலாளியின் கட்சி. அதனால் டைப்பிஸ்ட் கலா அக்காதான் மெயிலைப் பிரிண்ட் எடுத்து வாசித்துக் காட்டுவார். எல்லோரும் முதலாளி அறையில் கூடி நின்றோம். விலை கிடைத்ததாம். நல்ல விலையாம். கூடவே தெரியாத பாஷையில் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறதாம். அவை உங்கள் நிபந்தனைகளா, மொழிபெயர்த்து அனுப்புங்கள், படித்த பிறகுதான் ஆர்டர் என்று எழுதியிருந்தார். கீழே எல்லாக் கடிதங்களையும் சேர்த்து ஒட்டியிருந்தார்.

“என்ன நிபந்தனை? வாசிம்மா,” என்றார் முதலாளி.

கலா அக்கா எழுத்துக் கூட்டி வாசித்தார். “இன்னைக்குக் காலைல பருத்திப்பால் குடிச்சேன். ஏலக்கா கம்மி.” அடுத்தது. “பஸ்ஸுல ஒருத்தர் என் கால மிதிச்சிட்டு என்னையவே மொறச்சாரு.” அடுத்தது. அக்காவின் குரல் இறங்கியது. “முதலாளி ரூம்ல ரெண்டு ஏசி. சர்வருக்கு ஒரு ஃபேன் இல்ல. மெசினு மூச்சா விடுதுன்னு கேக்குறாரு. மூச்சு விடுற எங்களுக்கும்தான் இல்ல.”

முதலாளி தலையைத் தூக்கி ஏசியைப் பார்த்தார். அக்கா அவசரமாக அடுத்ததற்குத் தாவினார். “கூட ஒரு பய இருக்கான். படிக்கிறதுக்கு முன்னாடியே தட்டிருவான். ஆனா கெட்டிக்காரன். அவன்ட்ட சொல்லல, சொன்னா தலைக்கு ஏறிரும்.”

நான் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டேன்.

முதலாளி காகிதத்தை வாங்கி நாலாக மடித்தார். பிறகு டெஸ்ட் அண்ணனிடம் மெதுவாகத்தான் சொன்னார். “இதெல்லாம் வெறும் டெஸ்ட்டு, கண்டுக்காதீகன்னு அவருக்கு ஒரு வரி எழுதிப் போடு. இதோட விட்டுர்றேன்.”

“எழுத மாட்டேன் முதலாளி.”

“ஒரு வார்த்தைய்யா. டெஸ்ட்டு. அம்புட்டுத்தான்.”

“பருத்திப்பால் குடிச்சது நெசம். கால மிதிச்சது நெசம். ஃபேன் இல்லாததும் நெசம். இதுல எது டெஸ்ட்டு?”

“அப்ப வீட்டுக்குப் போ.”

“சரி, வாரேன்,” என்றார். கேரியரை எடுத்தார். போகிற வழியில் துண்டு அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, விசிறி அட்டையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

“தம்பி, நீ எழுது,” என்றார் முதலாளி.

உட்கார்ந்தேன். ‘டெஸ்ட்’ என்று எழுத எனக்கு ஒரு நொடி போதும். எழுதவில்லை. ஏலக்காய், பஸ், ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் இங்கிலீஷில் பெயர்த்தேன். என்னைப் பற்றியதையும்தான். பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்க எங்கள் இன்ஜினியர் எழுதியவை இவை, அதற்குக்கூட அவர் பொய் எழுத மாட்டார் என்று கடைசியில் சேர்த்தேன். கலா அக்கா எனக்குப் பின்னால் நின்று முழுவதும் படித்தார். “சரியா இருக்கு முதலாளி, அனுப்பலாம்,” என்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. அதற்கு அடியில் வியாபாரி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: ஃபேன் மாட்டியாகிவிட்டதா?

அக்கா இதை வாசித்ததும் முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நான் அன்றைக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் ஆர்டர் பெரியது. சாயங்காலத்துக்குள் துண்டு அறையில் ஃபேன் சுற்றியது. “அவன வரச் சொல்லு,” என்றார். நான் போன் போட்டேன்.

“ஃபேன் வந்துருச்சுண்ணே. உங்களையும் வரச் சொல்றாரு.”

“ஃபேன் சர்வருக்கு வந்துச்சு மாப்ள, அதுக்குத்தான் கேட்டேன். எனக்கு வேற வேலை கெடைச்சிருச்சு. வெயில் நேரத்துல மட்டும் அதக் கொஞ்சம் பாத்துக்க.”

அவர் வரவேயில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் இருப்பதாகக் கேள்வி. ஒரு வார்த்தைக்காக வேலையை விட்ட கிறுக்கன் என்று பழைய கம்பெனிக்காரர்கள் இப்போதும் டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிற நூறு பேரை நான் அதற்கப்புறம் பார்த்துவிட்டேன்.

கலா அக்காவிடம் அவருடைய மில் மெயில் முகவரி இருந்தது. இப்போதும் அதுதானா என்று அவருக்கும் தெரியவில்லை. என் சர்வருக்கும் அந்த மில் சர்வருக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. முதல் தடவை ‘அப்புறமா வா’ என்றுதான் சொல்லும். அஞ்சு நாள் நிற்கட்டும். திரும்பி வந்தால், தட்டுவதற்கு முன்னால் ஏன் என்று படித்துப் பார்ப்பேன். பிறகு மறுபடி அனுப்புவேன்.

அந்த ஒற்றை எழுத்தை அழித்துவிட்டு இப்படித் தொடங்கியிருக்கிறேன்: “அண்ணே, இன்னைக்குக் காலைல பருத்திப்பால் குடிச்சேன். ஏலக்கா சரியா இருந்துச்சு.”