ஊதாத் துணிக்குள் சூசையப்பர்

"நாங்கள் சுரூபத்தைக் கும்பிடவில்லை" என்று விளக்குவதற்கென்றே பிறந்த மனிதர்கள் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் இக்போ நாட்டுக் கத்தோலிக்கப் பங்கில் அவர் பெயர் உபதேசியார் ஒக்வுதிலி. சாவு வீடோ, எகே சந்தையோ, பஸ்ஸோ, பெந்தெகொஸ்தேக்காரர் யாராவது வாயைத் திறந்தால் போதும், குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "சுரூபம் ஒரு ஜன்னல்யா! ஜன்னலையா கும்பிடுறோம்? அது வழியாப் பாக்குறோம்!" என்று ஆரம்பித்துவிடுவார். பிறகு கோவிலுக்கு வந்து புனிதர் சூசையப்பர் சிலையின் கால் பெருவிரலைத் தொட்டு முத்தமிடுவார். அந்த விரலில் பெயிண்ட் போய்ப் பல வருடமாகிறது.

போன ஈஸ்டருக்கு அவர் மகள் ஒபியகேலி, பெந்தெகொஸ்தே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள், "அப்பா, அது வெறும் சுண்ணாம்பு" என்று சொல்லிவிட்டாள்.

"இனிமே என் வாசப்படி மிதிக்காதே!"

அவள் மிதிக்கவில்லை. பேரனுக்குப் பல் முளைத்ததை அடுத்தவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். மனிதர் உள்ளுக்குள் உடைந்துபோனார். போய்க் கூப்பிட வேண்டியதுதானே? விளக்கம் சொல்கிறவர்களுக்கு அது மட்டும் வராது.

தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம், வழக்கம்போல் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடினார்கள். அவருக்கென்ன? எந்தத் துணிக்குள் யார் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வார். வலப்பக்கத் தூணருகே தினமும் முழங்காலிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, "சூசையப்பரே, நீங்களும் ஒரு தகப்பன். எம் பொண்ணு வரணும்" என்று அழுதார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலை, தலையில் யாம் கிழங்கும் முதுகில் குழந்தையுமாக ஒபியகேலி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க கூப்பிட மாட்டீங்க. அதான் நானே வந்துட்டேன்."

"வா, உன்னைக் கூட்டிட்டு வந்தது யாருன்னு பாரு!" என்று அவளைக் கோவிலுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

அங்கே கோவில் கூட்டும் செலீனா துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்; நானும் கூட நின்றிருந்தேன். வலப்பக்கத் தூணருகே துணி விலகியது. உள்ளே ஸ்டாண்டு ஃபேன்.

"சூசையப்பர் ரெண்டு வாரமா பெயிண்ட் அடிக்கப் போயிருக்காரு உபதேசியாரே. கரண்டுதான் வர்றதில்லையே, தூசி படியுமேன்னு இதை மூடி வச்சேன்."

ஒபியகேலி சிரிக்கவில்லை. "பரவாயில்லப்பா. ஜன்னல்தானே?" என்றாள்.

உபதேசியார் தொண்டையைச் செருமினார். பேரனை வாங்கி, அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஃபேனடியில் மூன்று இடத்தில் மெழுகு உறைந்திருந்தது.

"ஒண்ணு உபதேசியாரோடது. மத்ததெல்லாம் யாரோடது?" என்றாள் செலீனா.

நான் கூரையைப் பார்த்தேன். ஆமாம், ஒன்று என்னுடையதுதான். மூன்றாவது யாருடையது?

அட, நீங்கள் ஏன் கூரையைப் பார்க்கிறீர்கள்?